துருப் பூசிய மணலும் வங்காளத்துத் தண்ணீரும்

ஆற்று மணலை எடுத்து அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுகிறார்கள். ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பின் கரைசலில் அதைப் போட்டு, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளறுகிறார்கள். தேன் நிறத்தில் தெளிவாக இருந்த கரைசல் கலங்கி, செம்பழுப்பாகி, கொழகொழப்பான ஒரு துருப் படிவு மணலோடு சேர்கிறது. அதை 110 டிகிரி செல்சியஸ் வாக்கில் உலர்த்தி, கழுவின தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை அலசினால் வேலை முடிந்தது. சாம்பல் நிறத்தில் போன மணல் செங்கல் தூள் நிறத்தில் வெளியே வருகிறது. கையில் எடுத்துப் பார்த்தால் அதே நறநறப்பு, ஏறத்தாழ அதே எடை. ஆனால் ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்த தண்ணீரை இதன் வழியாக விட்டால், பழைய மணலில் அப்படியே கீழே இறங்கிப் போன ஆர்சனிக் இப்போது நடுவழியில் நின்றுவிடுகிறது.

மணலுக்குள்ளே எதுவும் மாறவில்லை. மாறியது மேற்பரப்பு மட்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம், யுரேனியம் என்று எதை நீக்குவதைப் பற்றி இன்று ஆய்வு நடந்தாலும், பெரும்பாலும் இந்தச் சங்கதிதான் அதன் அடிப்படை. மலிவான ஒரு பொருளை எடுத்துக்கொள், அதன் மேற்பரப்பை மட்டும் மாற்று, தேவையான உலோகத்தை அது பிடித்துக்கொள்ளும்படி செய். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இதை உண்மையான ஊரில், உண்மையான தண்ணீரில் வைத்துப் பார்க்கும்போது விஷயம் வேறு மாதிரிப் போகிறது. அதைப் பார்க்க வங்காளத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது.

அங்கே நடந்தது பலருக்கும் தெரிந்த கதைதான். 1970களில் பங்களாதேஷிலும் மேற்கு வங்காளத்திலும் குளத்துத் தண்ணீரைக் குடித்துக் காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தன. கிருமியில்லாத தண்ணீர் வேண்டும் என்று யூனிசெஃப் போன்ற அமைப்புகளின் உதவியோடு லட்சக்கணக்கில் அடிபம்புகள் இறக்கப்பட்டன. கிருமி குறைந்தது. ஆனால் அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று அப்போது யாரும் சோதிக்கவில்லை. 1983இல் கொல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, கிராமங்களிலிருந்து வந்தவர்களின் உடம்பில் கரும்புள்ளிகளையும் உள்ளங்கையில் தடித்த முடிச்சுகளையும் பார்த்து, இது ஆர்சனிக் நஞ்சு என்று அடையாளம் கண்டார். பங்களாதேஷில் 1993இல் சாபாய் நவாப்கஞ்ச் பகுதியில் உறுதியானது. ஒரு மக்கள்தொகைக்கு வரலாற்றில் நேர்ந்த மிகப் பெரிய நஞ்சூட்டல் இது என்று 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதினார்கள். ஆபத்துக்கு உள்ளானவர்கள் மூன்றரைக் கோடியிலிருந்து ஏழு கோடியே எழுபது லட்சம் வரை என்பது அன்றைய மதிப்பீடு.

ஆர்சனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். பத்து லட்சம் லிட்டர் தண்ணீரில் மொத்தமாகவே 10 கிராம்! இந்தியத் தரநிர்ணயமும் அதையே ஏற்கத்தக்க அளவாகச் சொல்கிறது. பங்களாதேஷ் 50 மைக்ரோகிராமில் நிற்கிறது. பாதித்த ஊர்களில் பல கிணறுகளில் இருப்பது நூற்றுக்கணக்கில்.

இத்தனை ஆர்சனிக் நிலத்துக்குள் எப்படி வந்தது? தொழிற்சாலை எதுவும் கொட்டவில்லை. இமயமலையிலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் அடித்து வந்த வண்டலில் ஒவ்வொரு மணல் துகளின் மேலும் மெல்லிய துருப் படலம் இருந்தது. அந்தத் துருவில் ஆர்சனிக் ஒட்டியிருந்தது. ஆய்வகத்தில் செய்கிற துருப் பூச்சை இயற்கை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கிறது என்று சொல்லலாம். அப்புறம் அந்த வண்டலோடு செடி கொடிகளும் புதைந்தன. காற்றில்லாத ஆழத்தில் அவற்றை மக்கச் செய்யும் நுண்ணுயிரிகள், நாம் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதுபோல, துருவிலிருக்கும் இரும்பைப் பயன்படுத்திக்கொண்டன. அந்த வேதிமாற்றத்தில் துரு கரைந்தது. துரு கரைந்ததும் அது பிடித்துவைத்திருந்த ஆர்சனிக் தண்ணீரில் விடுபட்டது.

பங்களாதேஷின் மத்லாப் பகுதியில் குழாய்க் கிணறு இறக்குகிறவர்கள், மேலே வரும் மணலின் நிறத்தைப் பார்த்தே அடுக்குகளைப் பிரிப்பார்கள்: கறுப்பு, வெள்ளை, மங்கல் வெள்ளை, சிவப்பு. ஆய்வாளர்கள் போய் அளந்து பார்த்தபோது, சிவப்பு மணல் அடுக்கிலிருந்து வரும் தண்ணீரில் ஆர்சனிக் மிகக் குறைவு, கறுப்பு அடுக்கில் மிக அதிகம் என்று தெரிந்தது. காரணம் மேலே சொன்னதேதான். சிவப்பாக இருக்கிற மணலில் துருப் படலம் இன்னும் கெடாமல் இருக்கிறது, ஆர்சனிக்கைப் பிடித்து வைத்திருக்கிறது. கறுத்த மணலில் படலம் போய்விட்டது. எந்தக் கருவியும் இல்லாமல் கண்ணாலேயே பிரித்து வைத்திருந்த அந்தத் தொழிலாளிகளின் அறிவை நான் மிகவும் மதிக்கிறேன். எங்கே கிணறு இறக்கலாம் என்பதற்கு அது இன்று நம்பகமான ஒரு வழிகாட்டி.

சரி, துரு ஏன் ஆர்சனிக்கைப் பிடிக்கிறது, வெறும் மணல் ஏன் பிடிப்பதில்லை? தண்ணீரில் மூழ்கிய எந்தத் திடப்பொருளின் மேற்பரப்பும் ஒரு மின்னூட்டம் பெறும். அது எந்த மின்னூட்டம் என்பது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவைப் பொறுத்தது. மணலின் மேற்பரப்பு பி.எச். 2, 3க்கு மேலே போனாலே எதிர் மின்னூட்டம் கொள்கிறது. துருவில் உள்ள இரும்பு ஆக்சைடுகளோ 8 வாக்கில்தான் அந்த எல்லையைத் தாண்டுகின்றன. நிலத்தடி நீரின் பி.எச். பெரும்பாலும் 7ஐ ஒட்டியது. ஆகவே அந்தத் தண்ணீரில் மணல் எதிர் மின்னூட்டத்தோடும் துரு நேர் மின்னூட்டத்தோடும் இருக்கின்றன. ஆர்சனிக்கின் ஆக்சிஜனேறிய வடிவமான ஆர்சனேட் எதிர் மின்னூட்டம் கொண்ட அயனி. மணல் அதைத் தள்ளுகிறது, துரு இழுக்கிறது.

இழுப்பு மட்டும் இருந்தால் போதாது. சாதாரண உப்பிலுள்ள குளோரைடும் எதிர் அயனிதான், அதுவும் ஆர்சனிக்கைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகமாக இருக்கும். வெறும் மின்னிழுப்பில் போட்டியிட்டால் ஆர்சனேட் நிற்கவே முடியாது. அது ஜெயிப்பது வேறு வழியில். துருவின் மேற்பரப்பில் இரும்பு அணுக்களோடு ஹைட்ராக்சைடுகள் ஒட்டியிருக்கின்றன. ஆர்சனேட் அவற்றை நகர்த்திவிட்டு, தன் ஆக்சிஜன்கள் இரண்டின் மூலம் பக்கத்துப் பக்கத்து இரும்பு அணுக்கள் இரண்டோடு நேரடியாகப் பிணைப்புப் போட்டுக்கொள்கிறது. இது வேதிப்பிணைப்பு. குளோரைடு, சல்பேட் வந்து எளிதில் அசைக்க முடியாது.

ஒவ்வொரு உலோகத்துக்கும் இப்படி ஒரு விருப்பம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு மேற்பரப்பை அமைப்பதுதான் இந்தத் துறையின் கலை. பாதரசத்துக்குக் கந்தகத்தின்மேல் தீராத நாட்டம். அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகத்தில், நுண்துளைகள் நிறைந்த சிலிக்காவின் உட்சுவர்களில் கந்தகம் தாங்கிய தயால் தொகுதிகளை (சிறு அணுக்கூட்டங்களை) வரிசையாக நட்டு, 1997இல் வெளியிட்டார்கள். கால்சியம், சோடியம் எல்லாம் கடந்துபோக, பாதரசத்தை மட்டும் பொறுக்கியெடுத்தது அந்தப் பொருள். ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் வேறு வழி உண்டு. சிரட்டைக் கரி போன்ற கிளர்வுற்ற கரி, தொட்டுப் பார்க்கத் தூளாக இருந்தாலும், ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் வாக்கில் உட்பரப்பு கொண்டது. ஆனால் அந்தப் பரப்பு கரிமப் பொருட்களைத்தான் விரும்பும். நைட்ரிக் அமிலத்தில் போட்டு ஆக்சிஜனேற்றினால் அதன் மேல் கார்பாக்சில் தொகுதிகள் முளைக்கின்றன. ஈய அயனி அவற்றில் போய் உட்காருகிறது. கடல் நீரில் லிட்டருக்கு 3 மைக்ரோகிராம் சொச்சமே இருக்கும் யுரேனியத்தைக்கூட, அமிடாக்சிம் தொகுதிகள் ஒட்டப்பட்ட பாலிஎத்திலீன் இழைகளைக் கடலில் தொங்கவிட்டு ஜப்பானியர்கள் திரட்டிக் காட்டினார்கள்.

வங்காளத்துக்குத் திரும்புவோம். அங்கே ஒரு கூடுதல் சிக்கல். காற்றில்லாத ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஆர்சனிக் பெரும்பாலும் ஆர்சனைட் என்ற இன்னொரு வடிவில் இருக்கிறது. அதற்கு, குடிநீரின் பி.எச். அளவில் மின்னூட்டமே கிடையாது. துரு இழுக்க வேண்டிய பிடிமானம் இல்லாததால் அது பாதி வழுக்கிக்கொண்டு போய்விடும். நஞ்சும் இதற்குத்தான் அதிகம். ஆகவே ஒரு வடிகட்டி இரண்டு வேலை பார்க்க வேண்டும்: முதலில் ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக மாற்றணும், பிறகு பிடிக்கணும்.

இதை மலிவாகச் செய்துகாட்டியவர் அபுல் ஹுசாம். பங்களாதேஷின் குஷ்டியாவைச் சேர்ந்தவர், அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். சொந்த ஊர்க் கிணறுகளை அளக்க ஆரம்பித்தவர், சகோதரரோடு சேர்ந்து வடிகட்டி செய்வதில் இறங்கினார். முதலில் வந்தது ஊரில் ஏற்கெனவே பழக்கத்தில் இருந்த மூன்று மண்குட அமைப்பு. மேல் குடத்தில் இரும்புச் சீவல்களும் மணலும், நடுக்குடத்தில் மணலும் கரியும், அடிக்குடத்தில் தெளிந்த தண்ணீர். இரும்பு துருப்பிடிக்கும்போது நடக்கும் வேதிவினையில் ஆர்சனைட் ஆர்சனேட்டாகிறது, புதிதாகப் பிறக்கும் துரு அதைப் பிடிக்கிறது. தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. ஆனால் சில மாதங்களில் இரும்புச் சீவல்கள் ஒன்றோடொன்று துருவால் இறுகி, கட்டியாகி, தண்ணீர் இறங்கவே மறுத்தது.

நல்ல வடிகட்டிகள் பலவும் தோற்கும் இடம் இது. ஹுசாமின் விடை, இரும்பை நுண்துளைகள் கொண்ட ஒரு கூட்டுப்பொருளாக முன்கூட்டியே பக்குவப்படுத்துவது. அதில் கொஞ்சம் மாங்கனீசும் இருக்கும். அது ஆக்சிஜனேற்றத்துக்கு உதவும். இந்த இரும்புக் கூட்டும் மணலும் ஒரு வாளியில், மணலும் கரியும் செங்கல் ஜல்லியும் கீழ் வாளியில். மின்சாரம் வேண்டாம், ரசாயனம் ஊற்ற வேண்டாம். சோனோ என்ற இந்த வடிகட்டிக்கு 2007இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாடமி வழங்கிய கிரேஞ்சர் பரிசு கிடைத்தது, பத்து லட்சம் டாலர். அதில் பெரும்பகுதியை அவர் வடிகட்டிகளை மக்களுக்குக் கொடுக்கவே செலவிட்டார்.

அதே போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவர்கள் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அருப் சென்குப்தாவும் அவருடைய குழுவும். வீட்டுக்கு வீடு வடிகட்டி என்பதற்குப் பதிலாக, ஊர் அடிபம்பின் மேலேயே ஒரு தொட்டி பொருத்தினார்கள். மேற்கு வங்காளக் கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை நிறுவப்பட்டன. பம்பு அடித்தால் தண்ணீர் தொட்டியின் மேல்பகுதியில் சிதறி விழும். காற்றுப் பட்டதும் அந்தத் தண்ணீரிலேயே கரைந்திருக்கும் இரும்பு துருவாகி, ஆர்சனிக்கின் ஒரு பகுதியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு படியும். மிச்சத்தைக் கீழே உள்ள கிளர்வுற்ற அலுமினா, அதாவது நுண்துளைகள் நிறைந்த அலுமினியம் ஆக்சைடு, பிடிக்கும். அந்த மண்ணின் தண்ணீரில் இரும்பு அதிகம் என்பது வழக்கமாக ஒரு தொல்லை. துணியில் கறை படியும், சோறு நிறம் மாறும். அந்தத் தொல்லையையே மருந்தாக மாற்றிக்கொண்ட வடிவமைப்பு இது.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு பங்களிப்பு உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு உருவாக்கிய அம்ரித் வடிகட்டிகள் மேற்கு வங்காளம் உள்ளிட்ட மாநிலங்களில் நிறுவப்பட்டிருக்கின்றன. அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினை நுட்பமானது. புதிதாக உண்டாகும் துருவுக்கு ஃபெரிஹைட்ரைட் என்று பெயர். சில நானோமீட்டர் அளவே உள்ள துகள்கள், ஒரு கிராமில் பல நூறு சதுர மீட்டர் பரப்பு. ஆர்சனிக்கைப் பிடிப்பதில் கெட்டிக்காரப் பொருள். ஆனால் நிலையற்றது. நாளாக ஆக, தானாகவே ஒழுங்கான படிகங்களாக மாறி, பரப்பை இழந்துவிடும். இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்ற உயிரிப் பலபடியின் வலைக்குள் இந்தத் துகள்களை அடைத்து வைத்தார்கள். நெருங்கிச் சேர முடியாததால் அவை மாறாமல் நிற்கின்றன. தயாரிப்பு முழுக்க அறை வெப்பத்தில், தண்ணீரில். உலையில் வைத்துச் சுட வேண்டியதில்லை. கையில் எடுத்தால் உடையாத குருணையாக இருப்பதால் தண்ணீர் தடையின்றி ஓடும். 2020இல் பிரதீப்புக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இவ்வளவும் படித்தால், பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றலாம். ஆய்விதழ்களைப் புரட்டினால் இன்னும் அப்படித்தான் தோன்றும். எலுமிச்சைத் தோல், வேப்பிலைத் தூள், நெல் உமிச் சாம்பல், கிராஃபீன் ஆக்சைடு என்று வாரத்துக்கு வாரம் புதுப் பொருள். ஒரு கிராம் பொருள் 100 மில்லிகிராம் உலோகத்தைப் பிடித்தது, 300 பிடித்தது என்று எண்கள். இந்த எண்களைப் படிக்கும் விதத்தை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏமாற்றம் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிணற்றில் லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் ஆர்சனிக், அதை 10க்குக் கொண்டுவர வேண்டும். நாளைக்கு 3.8 மில்லிகிராம், வருடத்துக்கு ஏறத்தாழ 1.4 கிராம் ஆர்சனிக்கைப் பிடிக்கணும். கிராமுக்கு 100 மில்லிகிராம் பிடிக்கும் பொருள் என்றால் வருடத்துக்கு 14 கிராம் போதும், ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும்! ஆனால் அந்த 100 எந்தத் தண்ணீரில் அளந்தது? பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீரில், லிட்டருக்குப் பல நூறு மில்லிகிராம் உலோக உப்பைக் கரைத்து அளந்தது. கிணற்றில் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு அதிகமான செறிவு அது. செறிவு அதிகமாக இருந்தால் மேற்பரப்பில் மூலை முடுக்கெல்லாம் நிரம்பும். செறிவு 10 மைக்ரோகிராமுக்கு இறங்கும்போது, பிடிப்பு மிக வலுவாக உள்ள இடங்கள் மட்டுமே வேலை செய்யும். அங்கே அதே பொருள் கிராமுக்கு ஒரே ஒரு மில்லிகிராம் பிடித்தால், தேவைப்படுவது 14 கிராம் அல்ல, 1.4 கிலோ. உச்சக் கொள்ளளவை விளம்பரப்படுத்துகிறவர்களிடம், 10 மைக்ரோகிராமில் எவ்வளவு பிடிக்கும் என்று மட்டும் கேட்டால் போதும். பல பொருட்கள் அந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

அடுத்தது போட்டி. பாஸ்பரசும் ஆர்சனிக்கும் தனிம அட்டவணையில் ஒரே குடும்பம் என்பதால் பாஸ்பேட்டும் ஆர்சனேட்டும் இரட்டையர்போல. ஒரே வடிவம், ஏறத்தாழ ஒரே அளவு, துருவோடு பிணையும் விதமும் ஒன்றே. வங்காளத்து நிலத்தடி நீரில் பாஸ்பேட் ஆர்சனிக்கைவிடப் பல மடங்கு இருப்பது சாதாரணம். போதாததற்குச் சிலிக்கா. தனியாக வலுவாகப் பிணையாவிட்டாலும், எண்ணிக்கை பலத்தில் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல் மெல்ல மெல்ல மேற்பரப்பை நிரப்பிவிடுகிறது. ஆய்வகத்தில் ஆர்சனிக் மட்டும் உள்ள தண்ணீரில் பிரமாதமாக வேலை செய்த பொருள், ஊரில் பாதி நாளிலேயே தீர்ந்துபோவதற்கு இவை இரண்டும் முக்கியக் காரணம்.

மூன்றாவது சிக்கல் வேதியியலுக்கு வெளியே. கொல்கத்தாவை அடுத்த பாரூய்ப்பூரில், 11 தயாரிப்பாளர்களின் 19 ஆர்சனிக் நீக்கக் கருவிகளை அடிபம்புகளில் பொருத்தி, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தியின் குழு 2005இல் வெளியிட்ட முடிவு கசப்பானது. 10 மைக்ரோகிராமுக்குள் தொடர்ந்து வைத்திருக்க ஒன்றாலும் முடியவில்லை. 50க்குள் வைத்திருந்தவை இரண்டே இரண்டு. பொருளின் குறை ஒரு பங்குதான். மணல் அடைத்துக்கொண்டால் பின்னோக்கிக் கழுவ வேண்டும், பொருள் தீர்ந்தால் மாற்ற வேண்டும், தண்ணீரை அவ்வப்போது சோதிக்க வேண்டும். இதெல்லாம் யார் வேலை என்று தெளிவாக இல்லாத இடத்தில், எந்த நானோ பொருளும் குழாயோடு ஒட்டின ஒரு டப்பாதான். தீர்ந்துபோன வடிகட்டி, வடிகட்டியே இல்லாததைவிட ஆபத்து. இருக்கிறது என்ற நம்பிக்கையில் பக்கத்து நல்ல கிணற்றுக்குப் போகாமல் மக்கள் இங்கேயே பிடித்துக் குடிப்பார்கள். ஆர்சனிக் உள்ளே வருவதைக் கண்ணும் சொல்லாது, நாக்கும் சொல்லாது.

சொல்லக்கூடியது ஒரு துண்டுக் காகிதம். கள ஆய்வுப் பெட்டியில் ஒரு புட்டி இருக்கும். தண்ணீரை ஊற்றி, துத்தநாகத் தூளும் அமிலமும் போட்டு மூடினால் நுரைத்துக்கொண்டு வாயு வரும். ஆர்சனிக் இருந்தால் அது ஆர்சின் வாயுவாக மேலேறி, மூடியில் செருகிய மெர்க்குரிக் புரோமைடு தடவின வெள்ளைக் காகிதத்தில் படும். அரைமணி நேரம் வாக்கில் காகிதத்தை எடுத்து, வண்ண அட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். வெளிர் மஞ்சளா, மஞ்சளா, பழுப்பா? 10க்கும் 50க்கும் நடுவே அந்த மஞ்சளைப் பிரித்தறியப் பழகின கண் வேண்டும். 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில வருடங்களில் பங்களாதேஷில் ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகள் இப்படிச் சோதிக்கப்பட்டு, மோசமானவற்றின் வாயில் சிவப்பும் நல்லவற்றில் பச்சையும் பூசப்பட்டன. உண்மையைச் சொன்னால், அங்கே வேறு எந்த வழியையும்விட அதிகம் பேரைக் காப்பாற்றியது அந்தப் பெயிண்ட்தான். சிவப்புக் கிணற்றை விட்டுவிட்டுப் பக்கத்துப் பச்சைக் கிணற்றுக்கு நடந்தார்கள். அடுத்தபடியாக ஆழமான புதுக் கிணறுகள். பச்சைக் கிணறு பக்கத்தில் இல்லாதவர்களுக்குத்தான் வடிகட்டி. அவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதால் வடிகட்டியின் முக்கியம் குறைவதில்லை. ஆனால் வரிசை இதுதான்.

பொருத்தமில்லாத இடத்திலும் இந்தப் பொருட்களைப் பரிந்துரைக்கிறார்கள் என்பதால் ராணிப்பேட்டையைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். அதிலிருந்து கசியும் ஆறிணைதிறன் குரோமியம் நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. அமீன் தொகுதிகள் ஒட்டிய பொருட்கள் இந்தக் குரோமேட்டை நன்றாகவே பிடிக்கும், சில அதைக் குறைந்த நஞ்சுள்ள மூவிணைதிறன் குரோமியமாகவும் மாற்றும். ஆனால் குவியல் அங்கேயே கிடக்க, கசிவை மட்டும் கிராம் கணக்கில் பிடிப்பது முடிவில்லாத வேலை. அதேபோல் தோல் பதனிடும் ஆலையில் குரோமியத் தொட்டியிலிருந்து வரும் கழிவுநீரில் லிட்டருக்குக் கிராம் கணக்கில் குரோமியம் இருக்கும். அதை மக்னீசியம் ஆக்சைடு போட்டு வீழ்படிவாக்கி, கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி தோலுக்கே பயன்படுத்தலாம், பல ஆலைகள் செய்கின்றன. மேற்பரப்பில் பிடிக்கும் பொருட்களின் இடம் கடைசிப் படி. மற்ற முறைகள் கைவிரிக்கும் மிகக் குறைந்த செறிவில்தான் அவற்றுக்கு நிகரில்லை.

பிடித்த ஆர்சனிக் எங்கே போகிறது என்பதைப் பற்றி இதுவரை பேசவில்லை. ஆய்வுக் கட்டுரைகளிலும் அது கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியமாகத்தான் வரும். ஆர்சனிக் ஒரு தனிமம். அதை எரிக்க முடியாது, மக்கவைக்க முடியாது, நுண்ணுயிரி தின்று தீர்க்காது. வடிகட்டி அதை அழிப்பதில்லை, தண்ணீரிலிருந்து எடுத்துத் துருவில் வைக்கிறது, அவ்வளவுதான். பயன்பாடு முடிந்த துரு, ஆர்சனிக் நிறைந்த துரு. அதை வெளியே எறிந்தால்?

அபாயமான கழிவா இல்லையா என்று தீர்மானிக்க அமெரிக்காவில் ஒரு கசிவுச் சோதனை உண்டு. நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் 18 மணி நேரம் கழிவைக் குலுக்கி, லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் ஆர்சனிக் வந்தால் அபாயக் கழிவு. ஆர்சனிக் பிடித்த இரும்புப் பொருட்கள் இந்தச் சோதனையில் பெரும்பாலும் சுலபமாகத் தேறிவிடும். ஏனென்றால் காற்றுப் படும், லேசான அமிலத்தன்மை உள்ள சூழலில்தான் துரு ஆர்சனிக்கை மிக நன்றாகப் பிடிக்கும். உண்மையான குப்பைக் கிடங்கோ அதற்கு நேர்மாறு: காற்றில்லை, கரிமப் பொருள் நிறைய, காரத்தன்மை, கூடவே நுண்ணுயிரிகள், அதுவும் வருடக்கணக்கில். டெல்டாவின் ஆழத்தில் துருவைக் கரைத்து ஆர்சனிக்கை விடுவித்த அதே நிலைமை! கிடங்குச் சூழலில் வைத்து அளந்தவர்கள், அந்தச் சோதனை காட்டுவதைவிட அதிகமாக ஆர்சனிக் வெளியேறுவதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு குடும்பம் தீர்ந்த வடிகட்டிப் பொருளைச் சாணக்குழியில் கொட்டினால், நிலத்தடியில் நடந்ததைக் கொல்லையில் திரும்ப நடத்துவதாகிவிடும்.

சென்குப்தாவின் குழு இதைத் தொடக்கத்திலேயே யோசித்திருந்தது. அலுமினா தீர்ந்ததும் கிராமத்திலிருந்து ஒரு மையத்துக்குக் கொண்டுபோவார்கள். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கழுவினால், பி.எச். ஏறி மேற்பரப்பின் மின்னூட்டம் எதிராகப் புரண்டு, ஆர்சனிக் கழன்றுவிடும். அலுமினாவை லேசான அமிலத்தில் அலசி மறுபடி ஊருக்கு அனுப்பலாம், பல சுற்றுகள் வரும். கழன்ற ஆர்சனிக்கை இரும்போடு சேர்த்துச் சிறிய அளவுச் சகதியாகப் படிய வைப்பார்கள். அந்தச் சகதியை மூடிப் புதைப்பதில்லை. பருமணல் படுகையின் மேல், காற்று எப்போதும் படும்படி பரப்பி வைக்கிறார்கள். காற்று இருக்கும்வரை துரு துருவாகவே இருக்கும், ஆர்சனிக்கை விடாது. ஒரு ஊருக்கு அடிபம்பு வடிகட்டி போடத் திட்டம் எழுதும்போது பொருளுக்கும் தொட்டிக்கும் விலை எழுதுகிறோம். சோதிக்கிறவருக்குச் சம்பளம், தீர்ந்த பொருளை எடுத்துப்போக வண்டி, அதை வைக்க இந்த மாதிரி ஒரு படுகை, இதற்கெல்லாம் அதே தாளில் தொகை எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் அந்தத் திட்டத்தை நம்புவேன்.